அரண்மனைக்கு அறுபது டைல்ஸ்

பத்து நாளைக்குக் கரணையைக் கையால் தொடுவதில்லை என்று டைல்ஸ் மேஸ்திரி சபதம் எடுத்தார். எடுத்த இடம் வாஷ்பேசின். நேரம், திங்கட்கிழமை காலை ஏழு மணி. வாயில் பிரஷ் இருந்ததால் சபதம் கொஞ்சம் நுரையோடு வந்தது. ஆனாலும் சபதம் சபதம்தான்.

காரணம் இருந்தது. அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெரிய கட்டடத்துக்குக் கதவு நிலைகள் வந்து சேரவில்லை. நிலை வைக்காமல் தரை போடக் கூடாது என்று இன்ஜினியர் கையை விரித்துவிட்டார். பத்து நாள் லீவு! இருபத்திரண்டு வருஷமாக மண்டி போட்டே பிழைத்த மனிதர் அவர். மூன்றாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் ஒரு நாள் மண்டி போடச் சொன்னார், அன்றைக்குப் போட்டவர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அந்த வாத்தியாருக்குப் பயந்து பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட ஆரம்பித்தவர், பிற்பாடு தரைக்கு மட்டம் பார்க்கிறவராக ஆனார். மட்டம் மட்டும் அவரை விடவில்லை.

ஊரில் பாதித் தரை அவர் போட்டது. அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் அது வைத்த இடத்திலேயே நின்று யோசிக்கும். அப்படி ஒரு கைராசி. ஆனால் அவர் வீட்டுச் சமையலறைத் தரை மட்டும் வெறும் சிமெண்ட். அங்கங்கே பெயர்ந்து, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழி. அந்தக் குழியில் தேங்குகிற தண்ணீரில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

டைல்ஸ் இல்லாமல் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுபது டைல்ஸ் வாங்கி, வீட்டின் பக்கவாட்டில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். இப்போது அதன் மேல் ஒன்பது பூந்தொட்டிகள். இடுக்கில் ஒரு பூனை இதுவரை மூன்று பிரசவம் பார்த்துவிட்டது.

முதல் வருஷம், "சிமெண்ட் நல்லா காயட்டும்" என்றார். இரண்டாவது வருஷம், "தரையில வாட்டம் சரியில்ல. தண்ணி ஓடணும்னா வாட்டம் வேணும்" என்றார்.

"என் மூஞ்சில இருக்கற வாட்டம் பத்தாதா?" என்று கேட்டாள் மனைவி.

மூன்றாவது வருஷம் பேச்சே இல்லை. முழங்காலைத் தொட்டுக் காட்டி, முகத்தைச் சுளித்தார். அவ்வளவுதான்.

மனைவி மூன்றாம் வகுப்பு ஆசிரியை. தெருவுக்கே டீச்சர். வீட்டில் அவர் "ஏம்மா" என்று கூப்பிட்டால் சமாதானம் நிலவுகிறது என்று அர்த்தம். "டீச்சர்" என்று கூப்பிட்டால் ஏதோ தப்பு செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

அன்று வாயைக் கொப்பளித்துவிட்டு நேராகச் சமையலறை வாசலில் போய் நின்றார். ஒரு பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் நின்றார்.

"ஏம்மா, பத்து நாள் லீவு."

"நல்லதுங்க."

"ரெஸ்ட் எடுக்கப் போறேன்."

"எடுங்க."

"கரணை, டேப், ரசமட்டம், ஒண்ணத்தையும் தொட மாட்டேன்."

"தொடாதீங்க."

"இந்தத் தரை..."

"இதுக்கென்ன இப்ப அவசரம்? கெடக்கட்டும்."

மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் சொன்ன நான்கு வாக்கியத்துக்கும் அவள் சரி சொன்னது இதுதான் முதல் தடவை. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தார். பிறகு, கிடைத்த வெற்றியைக் கிளறிப் பார்ப்பானேன் என்று சாய்வு நாற்காலியைக் கூடத்தில் விரித்துப் போட்டுக் காலை நீட்டினார்.

சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நாளையிலேர்ந்து நாலு நாள் காலையில பசங்க வருவாங்க. ஸ்கூல் தொறந்ததும் கணக்குக் கண்காட்சி இருக்கு. ஒவ்வொரு டீச்சரும் ஒரு பாடத்தை விளையாட்டா நடத்திக் காட்டணும். நான் இங்கேயே ஒத்திகை பாக்கப் போறேன்."

"கணக்கை விளையாட்டாவா? எங்க காலத்துல விளையாட்டுல கணக்கு தப்பினாலே அடி விழும்."

"இது அரண்மனை விளையாட்டு. ராஜா ஊருக்குப் போயிருக்காரு. திரும்பி வர்றதுக்குள்ள அரண்மனைத் தரையைப் போட்டு முடிக்கணும். நீளம், அகலம், பெருக்கல் எல்லாம் கையால தொட்டுப் புரிஞ்சுக்குவாங்க."

மேஸ்திரி நாற்காலியில் நிமிர்ந்தார். "அரண்மனை எங்க?"

"சமையலறைதான். அடுப்பை மட்டும் கூடத்து மூலைக்கு மாத்திக்கறேன். உங்களுக்கு இதுல ஒரு வேலையும் இல்லீங்க. நீங்க வரவே வேணாம்."

"வரவும் மாட்டேன்."

"அதான் நல்லது" என்று அவள் கடைசிச் சட்டையை மடித்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராஜாங்கம் வந்து சேர்ந்தது. நான்கே பேர். முதலாவது, சொந்த மகள். எட்டு வயது. வீட்டில் வைத்த பேர் ஒன்று இருந்தாலும் ஒரே இடத்தில் அரை நிமிஷம் உட்காராததால் வாலு என்றே நிலைத்துவிட்டது. அடுத்து, எதிர்வீட்டு இரட்டையர். இரண்டு நிமிஷ வித்தியாசத்தில் பிறந்ததால் ஒருத்தன் பெரிய இரட்டை, இன்னொருத்தன் சின்ன இரட்டை. அந்த இரண்டு நிமிஷத்துக்காக தினமும் இரண்டு மணி நேரம் சண்டை போடுகிறவர்கள். நான்காவது, ஒரு சின்னப் பெண். கேள்வி கேட்டால் உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. அவளை எல்லோரும் முணுமுணு என்று கூப்பிட்டார்கள். கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே கண்ணில் தண்ணீர் முட்டிவிடுமாம்.

நான்கு பேர் தலையிலும் காகிதக் கிரீடம்.

மேஸ்திரி நாளிதழை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். முகத்தை மறைக்கலாம், காதை எப்படி மறைப்பது?

"முதல்ல அரண்மனை எவ்ளோ நீளம்னு பாக்கணும். எப்படிப் பாக்கலாம்?"

"காலால அளக்கலாம்!"

குதிகாலுக்கு முன்னால் கட்டைவிரல் என்று ஒட்டி ஒட்டி வைத்து நடந்தார்கள்.

"பதினேழு!" என்றான் பெரிய இரட்டை.

"பதினேழரை!" என்றான் சின்ன இரட்டை.

முணுமுணுவின் உதடு அசைந்தது. "இவளுக்குப் பத்தொம்பதாம்" என்று டீச்சர் மொழிபெயர்த்தாள்.

"எனக்குப் பதினொண்ணு!" என்று கத்தினாள் வாலு.

"அது எப்படி?"

"நான் அப்பா செருப்பைப் போட்டுட்டு அளந்தேன்."

"ஒரே அரண்மனை, நாலு நீளமா? யாரு காலு சரி?"

பெரிய விவாதம் நடந்தது. ராஜா கால்தான் சரி என்றான் பெரியவன். ராஜா ஊரில் இல்லையே என்றான் சின்னவன். கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கால் வேண்டும் என்று முடிவாயிற்று. டீச்சர் வெளியே போய், பூந்தொட்டியை நகர்த்தி, ஒரு டைலை எடுத்துவந்து வைத்தாள். "இதுதான் இனிமே நம்ம எல்லாருக்கும் காலு. ஒரு அடி."

நாளிதழுக்குப் பின்னால் மேஸ்திரி தன்னையறியாமல் தலையை ஆட்டினார். பரவாயில்லையே! அவரை மண்டி போட வைத்த வாத்தியார் அடி என்று சொன்னபோது அவருக்குக் கிடைத்தது வேறு அடி.

நீளம் பத்து டைல். அகலம் எட்டு டைல். அதுவரைக்கும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம்தான் டீச்சர் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"சரி, இந்த மூலையிலேர்ந்து ஆரம்பிச்சு வரிசையா வெச்சுட்டே போலாம்."

நாளிதழ் ஒருமுறை நடுங்கியது. மூலையிலிருந்தா? எந்தச் சுவரும் நேராக இருப்பதில்லை. மூலையில் ஆரம்பித்தால் வாசலுக்கு வரும்போது வரிசை கோணிக்கொள்ளும். வாசலில் நேர்க்கோடு எடுத்து, நடுவில் நூல் பிடித்து, அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். இது தொழிலில் முதல் நாள் பாடம்.

'நமக்கென்ன? விளையாட்டுதானே' என்று பக்கத்தைப் புரட்டினார்.

"நடுவுல சந்து எல்லாம் விட வேணாம். நல்லா ஒட்டி ஒட்டி வைங்க."

மேஸ்திரியின் கால் கட்டைவிரல் துடித்தது. சந்து விடாமல் வைத்தால் வெயில் காலத்தில் டைல் விரிந்து தூக்கிக்கொள்ளும்.

"பசை வெக்கறப்போ நாலு மூலையில மட்டும் கொஞ்சூண்டு வெச்சா போதும்."

"ஏய்!" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அது தன் குரல் என்று மேஸ்திரிக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. "நடுவுல பொள்ளலா நின்னுடும்மா! காலை வெச்சா டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்கும்!"

"நீங்க ரெஸ்ட் எடுங்க. இங்க வர வேணாம்."

"வரல! சும்மா சொன்னேன்!"

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் ஒரு தலை முளைத்தது. தையல்கார அக்கா. கழுத்தில் டேப், வாயில் இரண்டு குண்டூசி.

"என்ன தம்பி, சத்தம்?"

"ஒண்ணுமில்லக்கா. பாடம் நடக்குது."

"நீங்க ஏன் நாற்காலியோட நகந்து நகந்து போறீங்க?"

பார்த்தார். உண்மைதான். காலையில் ஜன்னல் ஓரம் இருந்த நாற்காலி இப்போது சமையலறை வாசலுக்கு நான்கு அடியில் இருந்தது.

"காத்து வரலக்கா."

"ஜன்னல் அந்தப் பக்கம்ல இருக்கு?"

பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து பெரிய இரட்டையின் குரல் கேட்டது. "டீச்சர், இந்த மஞ்சக் கட்டைல கண்ணாடிக் குழாய்ல தண்ணி இருக்கே, இது என்ன?"

"அதுவா? காய்ச்சல் பாக்கற கருவி மாதிரி இருக்கு."

ரசமட்டம்! இருபத்திரண்டு வருஷமாக அவருக்குச் சோறு போடுகிற ரசமட்டம். அதைப் போய்க் காய்ச்சல் பார்க்கிற கருவி என்றால், ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்?

நாற்காலி ஒரு பக்கம், நாளிதழ் ஒரு பக்கம். மேஸ்திரி சமையலறை வாசலில் நின்றார்.

"ஐயோ, நீங்க எதுக்குங்க? வேணாம், போய்ப் படுங்க" என்றாள் டீச்சர்.

"ஒரே ஒரு நிமிஷம். காட்டிட்டுப் போயிடறேன். கொடுடா அதை. இதப் பாருங்க, இந்தக் குமிழ் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நின்னா தரை மட்டமா இருக்குன்னு அர்த்தம். காய்ச்சல் பாக்கற கருவியாம்! டீச்சராம்!"

"அப்படியாங்க?" டீச்சர் கண்ணை அகல விரித்தாள். "எனக்கு எப்படித் தெரியும்?"

வாலு ஒரு காகிதத் தொப்பியைக் கொண்டுவந்து அப்பா தலையில் கவிழ்த்தாள். கிரீடம் தீர்ந்துவிட்டதால் அது வெறும் தொப்பி. "அப்பா, நீங்க அரண்மனைச் சேவகர். நாங்க எல்லாம் மந்திரிங்க."

"சம்பளம்?"

"கெடையாது."

வீட்டில் எப்போதும் இருந்த பதவிதான். இப்போது தொப்பியோடு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"மந்திரிகளே" என்றாள் டீச்சர், "அரண்மனைக்கு எத்தனை டைல் வேணும்?"

"எட்டுப் பத்து எண்பது!" இரட்டையர் ஒன்றாகக் கத்தினார்கள். அவர்கள் வாழ்க்கையில் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

மேஸ்திரி அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். "அறுபது. வெட்டுல ஒடையறதுக்கு ஆறு சேத்து வெச்சுக்க, அறுபத்தாறு."

"எப்படி மாமா?"

"கண்ணு சொல்லுது."

"அவர் ஏதோ குத்துமதிப்பா சொல்றாருப்பா" என்றாள் டீச்சர். "பெருக்கிப் பாத்தா எண்பதுதானே வருது?"

"குத்துமதிப்பா? நானா?" மேஸ்திரிக்கு முகம் சிவந்தது. ஆனால் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. கணக்கு என்றதும் பழைய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. சுவரையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது அவர் சட்டையை யாரோ கீழேயிருந்து இழுத்தார்கள். முணுமுணு.

குனிந்து காதைக் கொடுத்தார்.

"அறுபதுதான் மாமா" என்றது ஒரு கொசுவின் குரல். "மேடைக்கு அடியில போட வேணாம்ல? அங்க ரெண்டு வரிசை. இருபது. அதை எடுத்துட்டா அறுபது."

மேஸ்திரி அவளை நிமிர்ந்து பார்த்தார். அடுப்பு மேடை, பத்தடி நீளம், இரண்டடி அகலம். அடியில் செங்கல் கட்டு. அதற்குக் கீழே யாரும் டைல் போட மாட்டார்கள். அவர் கண் ஒரு நொடியில் கழித்துவிட்டதை இந்தப் பெண் விரல் விட்டு எண்ணிக் கழித்திருக்கிறது.

"சத்தமா சொல்லு தாயி!"

"மாட்டேன். எனக்குக் கணக்கு வராது."

"எனக்கும்தான் வராது."

முணுமுணு கொஞ்சம் யோசித்தாள். "அப்புறம் எப்படி ரெண்டு பேருக்கும் ஒரே விடை வந்துச்சு?"

மேஸ்திரி தொப்பிக்கு மேலேயே தலையைச் சொறிந்தார். டீச்சர்தான் அருகில் வந்து, இந்தத் தடவை விளையாட்டுக் குரல் இல்லாமல், மெதுவாகச் சொன்னாள்: "பெருக்கல், கழித்தல், பரப்பளவு. மூணையும் சேத்து ஒரே பார்வையில போடறீங்க. இருபத்திரண்டு வருஷமா தினமும் இதைத்தான் பண்றீங்க."

"பரப்பளவா?" என்றார் மேஸ்திரி. "நான் தரைன்னுல்ல நெனச்சேன்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாரே தவிர, மூக்கு லேசாக விடைத்தது. கைக்குட்டையைத் தேடினார். தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த வாத்தியார் மட்டும் இப்போது தெருவில் போனால், கையைப் பிடித்து இழுத்துவந்து இந்தச் சமையலறையைக் காட்டலாம் என்று இருந்தது.

அப்புறம் நடந்ததற்கு அவர் பொறுப்பில்லை. "சரி, ஒரே ஒரு வரிசை. எப்படிப் போடணும்னு பசங்க பாக்கணும்ல?" என்றார்.

"வேணாங்க, சபதம்..."

"சபதம் எனக்குத் தெரியும். பசை எங்க? அடடா, பசை இல்லாம எப்படி..."

சுவருக்கு மேல் குண்டூசித் தலை மறுபடி முளைத்தது. "தம்பி, எங்க வீட்ல மூணு மூட்டை பசை சும்மா கெடக்கு. வேணுமா?"

தையற்கடையில் டைல்ஸ் பசைக்கு என்ன வேலை, துணியை அதில் ஒட்டுகிறார்களா என்று ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. கை பரபரத்தால் மூளை படுத்துவிடும். அது அவருடைய உடம்பின் வழக்கம்.

"முதல்ல தரையைக் கூட்டிப் பெருக்கணும்" என்றார்.

சின்ன இரட்டை பென்சிலோடு தயாரானான். "எதை மாமா கூட்டணும்? எதைப் பெருக்கணும்?"

"தொடப்பத்தை எடுடா!"

ஒரு வரிசை இரண்டானது. இரண்டு மூன்றானது. புதன்கிழமை காலை மந்திரிகள் வருவதற்கு முன்பே சேவகர் நூல் பிடித்து உட்கார்ந்திருந்தார். பூனையையும் மூன்றாவது பிரசவத்துக் குட்டிகளையும் அட்டைப் பெட்டிக்குக் குடி மாற்றியாயிற்று. டைலுக்கு டைல் சந்து விடுவதற்காக வைக்கிற சின்னப் பிளாஸ்டிக் துண்டு கூட்டல் குறி மாதிரியே இருக்கும். இரட்டையர் அதைப் பார்த்ததும் உள்ளம் பூரித்து, ஆளுக்கு ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு தரை முழுக்கக் கூட்டினார்கள்.

"நாலு மூலை சேர்ற எடத்துக்கு ஒண்ணுதான்டா! நீ அஞ்சு வெச்சிருக்க!"

"அவன் ரெண்டு வெச்சான் மாமா. நான் அவனைவிட மூணு அதிகம்."

"அது கழித்தல்" என்று முணுமுணு திருத்தினாள். இப்போது அவள் குரல் கொசுவிலிருந்து தேனீ அளவுக்கு வளர்ந்திருந்தது.

வேலை வாங்குவதில் மந்திரிகளை மிஞ்ச ஆளில்லை. மேஸ்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால், "சேவகரே, இன்னும் எத்தனை பாக்கி?" என்பாள் வாலு. முப்பத்தெட்டு போட்டாயிற்று, அறுபதில் போக இருபத்திரண்டு என்று முணுமுணு சொல்வாள். இருபத்திரண்டை ஒரு வரிசைக்குப் பத்தாக வகுத்தால் இரண்டு வரிசை, மீதி இரண்டு என்று இரட்டையர் சொல்வார்கள். "அப்ப டீ குடிக்க நேரமில்ல" என்று வாலு தீர்ப்பு சொல்வாள். எந்த இன்ஜினியரும் அவரை இப்படி விரட்டியதில்லை.

டீச்சர் கூடத்து மூலையில் சமைத்துக்கொண்டே, அவ்வப்போது கவலையோடு எட்டிப் பார்த்தாள். "முட்டி வலிக்குதாங்க? விட்டுடுங்களேன். வெறும் ஒத்திகைதானே?"

"சும்மா இரும்மா. பாதியில விட்டா பசங்க என்ன கத்துக்குவாங்க?"

"அதுவும் சரிதான்" என்று அவள் கரண்டியைத் திருப்பிப் போட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அறுபதாவது டைல். அதை வைக்கும் உரிமை முணுமுணுவுக்கு. ரப்பர் சுத்தியால் நான்கு தட்டுத் தட்டி, ரசமட்டத்தைக் குறுக்கே வைத்தாள். குமிழ் நடுவில் போய் நின்றது.

"அறுபது!" என்று கத்தினாள்.

தெருவில் போன நாய் ஒன்று நின்று திரும்பிப் பார்த்தது. இரட்டையர் சண்டையை நிறுத்தினார்கள். டீச்சர் கையிலிருந்த தட்டை மெல்லக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் ஓரம் ஈரமாக இருந்தது. அது மட்டும் நடிப்பில்லை என்று பிற்பாடு மேஸ்திரி யோசித்துப் பார்த்து முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை தரையில் யாரும் கால் வைக்கக் கூடாது. சனிக்கிழமை சந்துகளை அடைத்து, துடைத்து, கோலிக்குண்டு சோதனையும் ஆயிற்று. குண்டு இரண்டு நொடி யோசித்துவிட்டுத் தண்ணீர் போகிற ஓட்டையைப் பார்த்து நிதானமாக உருண்டது. வாட்டமும் சரி! அடுப்பு பழைய இடத்துக்கு வந்தது. தையல்கார அக்கா வந்து பார்த்தாள். இரட்டையரின் அம்மா வந்து பார்த்தாள். முணுமுணுவின் அப்பா வந்து, தரையை விட்டுவிட்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் அவள் ஜன்னல் கம்பிகளைப் பெருக்கிக்கொண்டே வந்தாளாம்.

மேஸ்திரி மார்பை விரித்து நின்றார். "நானாத்தாங்க முடிவு பண்ணேன். பசங்களுக்கு நாமளே சொல்லிக் கொடுக்கலேன்னா யாரு கொடுப்பா? டீச்சருக்கு ரசமட்டம்கூடத் தெரியல பாருங்க!"

தையல்கார அக்கா அவசரமாக வாயிலிருந்த குண்டூசியை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி இருமினாள். ரொம்ப நேரம் இருமினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் சத்தமில்லை. மேஸ்திரி ஒரு பேனாவைத் தேடிக்கொண்டு மனைவியின் மேசைக்குப் போனார். மேலே ஒரு நோட்டுப் புத்தகம் திறந்து கிடந்தது. பாடக் குறிப்பு. முத்து முத்தான கையெழுத்து.

'பாடம் ஒன்று: பரப்பளவு. விளையாட்டு: அரண்மனை. இடம்: சமையலறை. தேவையான பொருட்கள்: டைல்ஸ் 66, பசை 3 மூட்டை (அக்கா வீட்டில் ஒளித்து வைக்கவும்), குழந்தைகள் 4, வீட்டுக்காரர் 1.'

மேஸ்திரிக்கு நாற்காலி தேவைப்பட்டது. உட்கார்ந்து தொடர்ந்து படித்தார்.

'ஆசிரியர் செய்ய வேண்டிய தவறுகள்: மூலையில் ஆரம்பித்தல். சந்து விடாமல் ஒட்டுதல். பசையை மூலையில் மட்டும் வைத்தல். இதற்கும் வரவில்லை என்றால் ரசமட்டத்துக்கு வேறு பேர் சொல்லவும். குறிப்பு: வர வேண்டாம் என்று மூன்று முறை சொல்ல வேண்டும். அவர் உள்ளே வர ஆகும் நேரம்: இரண்டு மணி.' அந்த இரண்டு மணியை அடித்துவிட்டு, வேறு மையில், 'நாற்பது நிமிடம்' என்று எழுதியிருந்தது.

அவர் முகத்தில் கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது. கடைசியில் கொஞ்சம் பெருமையும் வந்தது. என்ன இருந்தாலும் நம்ம வீட்டு மூளை! போகட்டும். ஒரு தடவை ஏமாந்தாயிற்று. இனி நடக்காது. லீவில் இன்னும் மூன்று நாள் பாக்கி. இந்த மூன்று நாளும் மலையே சரிந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.

பக்கத்தைத் திருப்பினார்.

'பாடம் இரண்டு: பெருக்கல் வாய்ப்பாடு. விளையாட்டு: மலையேற்றம். இடம்: மொட்டைமாடிப் படிக்கட்டு. படிகள் 13. ஒரு படிக்கு டைல்ஸ் 3. டைல்ஸ்: அவரே கொண்டுவருவார்.'

வாய் விட்டுச் சிரித்தார் மேஸ்திரி. கொண்டுவருவேனா? நானா? அடியம்மா, குட்டு உடைந்துபோச்சு! நோட்டை இருந்தபடியே வைத்துவிட்டு, வெற்றி நடையில் நாற்காலிக்குத் திரும்பி, காலை நீட்டிக் கண்ணை மூடினார்.

ஒரு நிமிஷம் போயிற்று.

பதிமூணா?

கண்ணைத் திறந்தார். பதிமூணு எப்படி வரும்? ஒன்பதரை அடி உயரம். படிக்கு எட்டு அங்குலம் வைத்தால் பதினாலுக்கு மேல் வருமே! பதிமூன்றுக்கு வாங்கினால் மேல் படிக்கு டைல் பத்தாது. சரி, நமக்கென்ன? வாங்கப்போகிறவர் யார்? கண்ணை மூடினார். இமைக்குள் படிகள் வரிசையாக வந்து நின்றன.

சும்மா எண்ணிப் பார்ப்பதில் தப்பில்லை. தெரிந்துகொண்டால் நிம்மதியாகத் தூங்கலாம். சத்தமில்லாமல் எழுந்து, பூனை மாதிரிப் பின்பக்கம் போய், ஒவ்வொரு படியாகக் கால் வைத்து ஏறினார். "...பன்னெண்டு, பதிமூணு, பதினாலு!" நினைத்தேன் என்று தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

மேல் படியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த டீச்சர் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க எண்றீங்க?"

"பதினாலு டீச்சர்! நீ பதிமூணுன்னு எழுதி வெச்சிருக்க!" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டீச்சர் ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, இடுப்பில் செருகியிருந்த டேப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அகலமும் தப்பாத்தான் எழுதியிருப்பேன். வந்ததுதான் வந்தீங்க, அப்படியே அளந்துடுங்களேன்."